பதில் கூவாத கரை

ஆதம்பாவாவுக்குப் பொறுமை என்றால் என்னவென்று தெரியாது. பாதையில் ஏறிய யாராவது நடுவழியில் எழுந்து நின்றால் வாய்க்கு வந்தபடி ஏசுவார். பாதை என்றால் இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்தது; கரைக்குக் கரை கட்டிய கயிற்றைப் பிடித்து அவர் இழுத்தால் நகரும். இறக்கக்கண்டிக்கு வடக்கே, திரியாய்ப் பக்கம் போகிறவர்கள் அந்த உப்புநீர்க் களப்பை அப்படித்தான் கடந்தார்கள். நானும் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய் அவரிடம் ஏச்சு வாங்கியவன்தான்.

அக்கரையில் வந்து நிற்பவர்கள் கையை வாயருகே குவித்து "கூ..." என்று கூவுவார்கள். இவர் பதிலுக்குக் கூவுவார். கேட்டவன் பதில் கூவியே ஆகவேண்டும் என்பது அந்தக் களப்பின் வழக்கம். கோபத்தில் இருந்தாலும் கூவுவார்கள், காய்ச்சலில் கிடந்தாலும் கூவுவார்கள். பதில் வரவில்லையென்றால் ஆள் அங்கே இல்லை, அல்லது உயிரோடு இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

யுத்தம் வந்ததும் அந்தக் களப்பு எல்லையாகிவிட்டது. இக்கரையில் ஆமி சென்றி போட்டுக் காவல் நின்றது. அக்கரை இயக்கத்துப் பொடியளின் பக்கம். அங்கிருந்த சனமெல்லாம் இருந்ததை மூட்டை கட்டிக்கொண்டு நகரத்து முகாம்களுக்கு வெளிக்கிட்டது. இராசையா மட்டும் அசையவில்லை. அவன் வீச்சுவலைக்காரன், கலியாணம் கட்டாதவன், சின்ன வயதிலிருந்தே ஆதம்பாவாவின் கூட்டாளி. கடைசிப் பாதையில் ஏறச் சொல்லி ஆதம்பாவா கையைப் பிடித்து இழுத்தே பார்த்துவிட்டார்.

"அங்கால வந்தா ஆமி பேர் கேட்டுப் பிடிக்கும். இங்கால நிண்டா ஷெல் விழும். ஷெல்லுக்கு என்ர பேர் தெரியாது மச்சான்," என்று சொல்லி இராசையா சிரித்தான்.

மறுநாள் ஆமி கயிற்றை அறுத்தது.

"இஞ்ச இருந்து இனி ஆரை ஏத்தப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு ஆதம்பாவாவின் மனைவி ஸாலிஹா கிண்ணியாவில் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டாள்.

"நீ போ புள்ள, நான் பொறகு வாறன்," என்றார். போகவில்லை. காரணம் ஒன்றே ஒன்றுதான். பொழுதுபடும் நேரம் அக்கரையிலிருந்து இராசையா கூவுவான். இவர் பதில் கூவுவார். சொல் எட்டாத தூரம். கூவல் மட்டும் எட்டும். அது காதில் விழுந்த பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும்.

ஒரு நாள் இராசையா கூவி, இவர் பதில் கூவி முடிந்த கையோடு சென்றியிலிருந்து அக்கரையைப் பார்த்துச் சடசடவென்று சுட்டார்கள். அடுத்த நாள் கூவல் வரவில்லை. இவர் கூவினார். பதில் இல்லை. அதற்கடுத்த நாளும் தொண்டை கிழியக் கூவினார். சென்றியிலிருந்து ஒருவன் இறங்கி வந்து, "இனிக் கத்தினா வெடிதான்," என்று துவக்கைக் காட்டிவிட்டுப் போனான்.

இராசையா செத்துவிட்டான் என்று ஆதம்பாவா முடிவு செய்தார். பள்ளிவாசலில் ஏழைகளுக்குச் சோறு கொடுத்தார். ஆருடைய பேரில் என்று கேட்டவர்களிடம், "என்ர கூட்டாளிட பேரில," என்று மட்டும் சொன்னார்.

இனியாவது கிண்ணியாவுக்குப் போயிருக்கலாம்தானே? மனுசன் போகவில்லை. பிடிவாதம் என்றார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவன் செத்ததை அவருடைய மனம் நம்பியது, காது நம்பவில்லை. வருடக்கணக்காகத் தனக்கு மட்டும் உலை வைத்தார். ஆள் ஏறாத பாதைக்குத் தார் பூசினார். ஏசுவதற்கு மனிதர் இல்லாமல் அந்தப் பாதையையே ஏசிக்கொண்டிருந்தார். தூரத்தில் நின்று நானே அதைப் பார்த்தேன்.

பிறகு சமாதானப் பேச்சு வந்தது. கயிறு கட்ட அனுமதி கிடைத்தது. கட்டிய அன்றே, கூட்டாளியைப் புதைத்த இடத்தையாவது பார்ப்போம் என்று ஆதம்பாவா தனியாக இழுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனார்.

இராசையா கரையில் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். தலை பஞ்சாய் வெளுத்திருந்தது.

ஆதம்பாவா கயிற்றை விட்டுவிட்டு இறங்கி ஓடினார். "நீ சாகல்லையாடா?"

"இல்லை மச்சான்."

"நான் கூப்பிட்டது கேக்கல்லையா?"

"கேட்டது. பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தனான். சுட்டவன் உனக்குப் பக்கத்திலதான் நிண்டான். நான் கூப்பிட்டா நீ வாயைப் பொத்திக்கொண்டு இருப்பியா? பதில் கூவுவாய். உன்னையும் சுட்டிருப்பான்."

பிறகு இராசையா அவரைத் தேற்றுகிற மாதிரிச் சொன்னான்: "உன்ர குசினிப் புகையை ஒவ்வொரு நாளும் பாத்தனான். நீ இருக்கிறாய் எண்டு எனக்கு நிம்மதி. இங்கால புகை கிளம்பினா ஷெல் வரும் எண்டு நான் சிரட்டைக் கரியிலதான் காய்ச்சினனான்."

"நீ என்னைப் பாத்தாய்," என்றார் ஆதம்பாவா. "நான் ஆரைப் பாத்தன்?"

ஆதம்பாவா ஏசக்கூட இல்லை. திரும்பிப் பாதையில் ஏறிக் கயிற்றைப் பிடித்தார்.

நடுக்களப்புக்கு வந்தபோது பின்னால் கூவல் கேட்டது. ஆதம்பாவா கயிற்றை விட்டுவிட்டு வாயருகே கையைக் குவித்தார். அவர் வாயிலிருந்து கூவல் வரவில்லை, அழுகைதான் வந்தது.

இராசையா மறுபடியும் கூவினான். பதில் வரும்வரை கூவிக்கொண்டே நின்றான்.