ஒழுகும் ஜங்ஷன் பொக்ஸைத் தேடி அக்கரப்பத்தனை வரை

மலையகத்துக்குப் போகிறவர்கள் அருவி பார்க்கப் போவார்கள், குளிருக்குப் போவார்கள், சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குப் போவார்கள். நான் போனது ஒழுகுகிற ஜங்ஷன் பொக்ஸ் பார்க்க. சிரிக்காதீர்கள், வீட்டிலும் இப்படித்தான் சிரித்தார்கள்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சுவரில் மின்கம்பி ஓடுவதற்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் பதித்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கம்பிகள் கூடும் இடத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதுதான் ஜங்ஷன் பொக்ஸ். குழாயையும் பெட்டியையும் இணைக்க விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வேண்டும். அடாப்டர் என்போம். வத்தளைப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் அந்தத் துண்டை வடிவமைப்பது என் வேலை. இப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆனால் உங்கள் வீட்டுச் சுவரில் என் கைவேலை இருக்கக்கூடும்.

எங்கள் பழைய அடாப்டரில் மரை, அதாவது திருகுப்புரி, இருக்கும். பெட்டியின் துளைக்குள் நுழைத்து, உள்ளேயிருந்து ஒரு நட்டைச் சுற்றி இறுக்க வேண்டும். ஏணியில் நின்று அண்ணாந்து நட்டுச் சுற்றுகிற எலெக்ட்ரீஷியன் என்னைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவான்? அதனால் புதிதாக ஒன்று செய்தேன். மரையும் இல்லை, நட்டும் இல்லை. நுனியில் நான்கு நாக்குகள். துளையில் வைத்து அழுத்தினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமே உண்டு. நாடெங்கும் நன்றாக ஓடியது, அக்கரப்பத்தனையைத் தவிர. அங்கிருந்த ஒரு ஹார்ட்வெயார் கடை மட்டும் மூட்டையைத் திருப்பி அனுப்பியது. விற்பனைப் பையன் கொண்டுவந்த காரணம் ஒரே வரி: "புதுசு ஒழுகுதாம், பழசு வேணுமாம்."

பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை பழைய அடாப்டர் வார்க்கும் அச்சை உடைத்து இரும்புக்குப் போடுவதாக ஏற்பாடு. உடைத்தால் உடைத்ததுதான், இன்னொன்று செய்ய எங்களிடம் வசதி இல்லை. "மழைத்தண்ணி பெட்டிக்குள்ள போய் யாருக்காவது கரண்ட் அடிச்சா யார் பதில் சொல்றது? போய்ப் பார்த்துட்டு உடைக்கலாமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க" என்றார். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று போன மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

புறக்கோட்டையில் காலை ஐந்தரைக்கு ஹட்டன் பஸ். டிக்கெட் அறுநூற்றுச் சொச்சம். அவிசாவளை வரைக்கும் தூக்கம், கித்துல்கலயில் தேநீருக்கு நிறுத்தம், கினிகத்தேனை ஏற்றத்தில் வாந்தி. இடப்பக்க இருக்கைதான் நல்லது என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதியதை நம்பி உட்கார்ந்தேன். வயிற்றுக்கு இடமென்ன வலமென்ன! பதினொன்றுக்கு ஹட்டன். அங்கிருந்து தலவாக்கலைக்கு வேறு பஸ். வழியில் டெவன் அருவி தெரிகிறது, நான் தலையைக் குனிந்துகொண்டிருந்ததால் பார்க்கவில்லை. தலவாக்கலையில் ஒரு அறை, இரவுக்கு நாலாயிரம், வெந்நீர் உண்டு. பையைப் போட்டுவிட்டு ஒரு த்ரீவீலைப் பேசினேன். அரை நாளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு. ஓட்டியவர் பெயர் சந்திரன், முப்பத்தைந்து வயதிருக்கும், அக்கரப்பத்தனைக்காரர். லிந்துலை வழியாக ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கடை முதலாளி என்னைக் கண்டதும் நாற்காலி போட்டார். "கம்பெனியிலேயிருந்து நேரா வந்திருக்கீங்களா? சந்தோசம்ங்க. புதுசு சரியில்லங்க மிஸ். வாங்கிட்டுப் போனவங்க எல்லாம் ஒழுகுதுன்னு கொண்டாந்து தூக்கிப் போடுறாங்க. நான் என்னாத்த சொல்றது?"

கையோடு அவர் கடைச் சுவரில் புது அடாப்டர் மாட்டியிருந்த பெட்டியையே திறந்து பார்த்தேன். மெயினை அணைத்துவிட்டுத்தான். உள்ளே காய்ந்த தூசி. சந்திரனிடம், "புது அடாப்டர் போட்ட ஜங்ஷன் பொக்ஸ் இந்த ஊரில் எங்கெல்லாம் இருக்கு, எல்லாத்தையும் காட்டுங்க" என்றேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் கூட்டிப்போனார். கோயில் வாசலில் சாரல் அடிக்கிற பக்கமாக ஒரு பெட்டி. உலர்ந்திருந்தது. பள்ளிக்கூட விறாந்தையில் ஒன்று. அதற்குள் பல்லி முட்டை இருந்தது, ஈரம் இல்லை. பொறுமை போய், கையிலிருந்த போத்தல் தண்ணீரை அந்தப் பெட்டியின் மேல் கவிழ்த்தேன். துடைத்துத் திறந்தால் சொட்டுக்கூட இல்லை. வாட்ச்மேன் என்னைப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பார். எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

பணிப்பாளர் போன் எடுத்தார். "எங்க ஒழுகுது?"

"தெரியல சேர். எங்கயும் ஒழுகல. ஆனா ஒழுகுதாம்."

மறுமுனையில் பெருமூச்சு. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல என்பார்களே, அன்று அந்தக் காடு தேயிலைக் காடாக இருந்தது. திரும்பும் வழியில் மூடுபனி இறங்கிவிட்டது. நான் புலம்பிக்கொண்டே வந்தேன். மழை ஒழுகவில்லை, சாரல் ஒழுகவில்லை, நானே ஊற்றியும் ஒழுகவில்லை, அப்படியானால் எதுதான் ஒழுகுகிறது என்று.

"பரல் மிஸ்" என்றார் சந்திரன்.

"என்ன பரல்?"

"தண்ணி பரல். நீல பிளாஸ்டிக் பரல் இருக்குல்ல, அதுல தானே எல்லாரும் அத மாட்றாங்க. பொக்ஸ் எங்கயாவது ஒழுகுமா?"

"ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை?"

"நீங்க பொக்ஸக் காட்டுன்னு தானே சொன்னீங்க. கம்பெனி மிஸ் ஏதோ காரணமாத்தான் கேக்குறாங்கன்னு நானும் காட்டிக்கிட்டு வந்தேன். எங்க அக்கா வூட்ல இருக்கு, நாளைக்கு வந்து பாருங்க."

சனிக்கிழமை மத்தியானம் சந்திரனின் அக்கா ராஜலெட்சுமி பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் நேரம் பார்த்துப் போனோம். டவுனிலிருந்து நாலு கிலோமீட்டர். கடைசி அரைக் கிலோமீட்டர் த்ரீவீல் ஏறாது, நடைதான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒற்றை வரிசை லயம், பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். கடைசியிலிருக்கும் தொங்கல் காம்பரா ராஜலெட்சுமியுடையது. மலையிலிருக்கும் ஊற்றிலிருந்து ஒரு கறுப்பு ஹோஸ் இறங்கி வருகிறது. அது ஒவ்வொரு காம்பராவின் பின்னாலும் இருக்கிற பரலில், அந்த நீலப் பீப்பாயில், விழுகிறது. பரலின் அடியில் ஒரு துளை. அந்தத் துளையில் என் அடாப்டர்! பழையது, மரை வைத்தது. உள்ளே சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போட்டு நட்டை இறுக்கியிருந்தார்கள். வெளியே ஒரு துண்டுக் குழாய், அதன் முனையில் திறந்து மூடும் பைப். முன்பெல்லாம் ஊற்றுத் தண்ணீர் விழும் பொதுப் பீலியில் வரிசையில் நின்று குடம் தூக்கினார்களாம்.

பக்கத்துக் காம்பராவில் செல்வி என்கிற இளம் தாய். அவள் பரல் புதிது, அதில் என் புது அடாப்டர். மெழுகு, துணி, நூல் எல்லாம் சுற்றி, அப்படியும் கொடகொடவென்று ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகாமல் என்ன செய்யும்? நாக்குகள் வளைய வேண்டும் என்று நான்தானே நாலு பக்கமும் இடைவெளி விட்டேன்! பெட்டியின் மேல் விழும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், பரலில் அது தேங்கி நின்று அழுத்துகிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மர்மம் தீர்ந்தது, பெட்டிகள் எல்லாம் பத்திரம், அச்சைத் தாராளமாக உடைக்கலாம்.

அப்போது ராஜலெட்சுமி தேநீர் கொண்டுவந்தார்.

கிளாஸைக் கையில் வாங்கிய பிறகுதான் உறைத்தது. எங்கள் அடாப்டரில் பழைய பிளாஸ்டிக்கையும் அரைத்துக் கலக்கிறோம். எந்தப் பழைய பிளாஸ்டிக் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. கறுக்காமல், வெடிக்காமல் இருக்க வேறு சில சாமான்களும் சேர்கின்றன. உள்ளே ஓடப்போவது மின்கம்பிதானே என்று தண்ணீருக்காக யாரும் அதைச் சோதித்ததே இல்லை. இந்தத் தேநீரின் தண்ணீர் அதன் வழியாகத்தான் வந்திருக்கிறது. குடிப்பதா? வைப்பதா? அவர்கள் தினமும் குடிக்கிறார்கள், நான் ஒரு கிளாஸுக்கு நடுங்குகிறேன். வெட்கமாக இருந்தது. குடித்தேன். நல்ல தேநீர், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். இது கரண்ட் சாமான், குடிதண்ணீருக்குச் செய்தது இல்லை என்று.

"குடிச்சா என்னா செய்யும் மிஸ்?" என்றார் ராஜலெட்சுமி.

"தெரியாதுங்க. ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். சோதிச்சுப் பார்த்ததில்லை."

"நீங்க தானே செஞ்சீங்க?"

"நான்தான்."

நான் எழுந்து, "டவுனுக்கு விடுங்க" என்றேன்.

கடையில் தண்ணீர்த் தொட்டிக்கென்றே செய்த இணைப்பு ஒன்றே ஒன்று தூசி படிந்து கிடந்தது. நானூற்று எண்பது ரூபாய். எங்களுடையது அறுபது. "தண்ணிக்குத் தான் இந்த ஊர்ல உங்க அடாப்டர வாங்குறாங்க. கம்பெனிக்காரங்க உங்களுக்குத் தெரியாதாங்க?" என்று முதலாளி ஆச்சரியப்பட்டார்.

திரும்பிப் போய் ராஜலெட்சுமியின் பரலைக் காலி செய்து, பழைய அடாப்டரைக் கழற்றி, புது இணைப்பைச் சந்திரன் மாட்டினார். ஒழுகவில்லை. அப்பாடா என்று நிமிர்கிறேன், ராஜலெட்சுமி கழற்றிய அடாப்டரை முந்தானையில் துடைத்து, "இந்தா செல்வி, நீயும் கேட்டுக்கிட்டே இருந்தியே" என்று நீட்டுகிறார்.

"ஐயோ, வேண்டாம்! இப்பதானே சொன்னேன்!" என்றேன்.

செல்வி இடுப்புக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். "நீங்க சொன்னது வெளங்குது மிஸ். ஆனா ராத்திரிக்குள்ள பரலு காலியாயிருது. காலைல பாப்பாவுக்குப் பால்மா கரைக்க இவங்க வூட்ல தானே தண்ணி கேக்குறேன். வேற ஒன்னு வச்சிருக்கீங்களா?"

என்னிடம் வேறு இல்லை. கடையிலும் இல்லை. இரண்டும் அதே சந்தேகமான பிளாஸ்டிக்தான், நான் புதிதாகச் செய்தது ஒழுகுகிறது. முன்பு செய்தது ஒழுகவில்லை. செல்வியே மாட்டினாள், டியூப் வட்டம் வைத்து, நட்டைத் தன் கையால் இறுக்கி. பரல் நிரம்பியது. அவள் விரலால் அடியைத் தடவிப் பார்த்தாள்.

"ஒரு சொட்டு இல்ல! நல்லா செஞ்சிருக்கீங்க மிஸ்" என்றாள்.

இத்தனை வருடத்தில் என் வேலையை ஒருவர் தொட்டுப் பார்த்துப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அழுகையாக வந்தது. அட்டை கடித்துவிட்டது என்று சொல்லிக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போய், அச்சை உடைக்க வேண்டாம் என்றேன். அதே அச்சில் குடிதண்ணீருக்கான பிளாஸ்டிக்கை ஊற்றினால் என்ன என்று கேட்டேன். "நாம கரண்ட் சாமான் செய்றோமா, தண்ணிச் சாமான் செய்றோமா?" என்றார் பணிப்பாளர். இரண்டும் ஒன்றாகிப்போய் எவ்வளவு காலமாயிற்றோ, நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்றேன். அவர் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அச்சு மூலையில் நிற்கிறது. பழைய அடாப்டரை நிறுத்தச் சொல்வது சரியா, தொடரச் சொல்வது சரியா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், திட்டுவதானாலும் பரவாயில்லை.

போகப் போகிறவர்களுக்கு: ஐந்தரை பஸ்ஸே நல்லது, அடுத்ததில் போனால் மூடுபனிக்குள் போய் இறங்குவீர்கள். கினிகத்தேனை தாண்டும்வரை எதுவும் சாப்பிடாதீர்கள். மார்ச்சிலும் ஸ்வெட்டர் வேண்டும். அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொள்ளுங்கள். லயத்துக்கு யார் வீட்டுக்காவது போவதென்றால் பிஸ்கட் பெட்டிக்குப் பதிலாகத் தண்ணீர்த் தொட்டி இணைப்பு வாங்கிப் போங்கள், கொழும்பில் எந்த ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கும். ஒன்று மட்டும் வாங்கிப் போகாதீர்கள். எத்தனை காம்பரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.