ஓட்டைக்கு இங்கிலீஷில் என்ன?

போன வாரம் ஒரு பத்திர நகலுக்காகச் செங்கல்பட்டில் ஒரு சர்க்கார் ஆபீசுக்குப் போயிருந்தேன். போன காரியம் நடக்கவில்லை. ஆனால் அங்கே இங்கிலீஷ் செழிப்பாக வளர்ந்து வருவதைப் பார்த்தேன்...

ஹெட் கிளார்க்கின் மேஜைக்கு முன்னால் ஏகாம்பரம் என்ற குடியானவர் நின்றிருந்தார். மதுராந்தகத்துக்குப் பக்கத்துக் கிராமம். அவர் ஊர்ச் சித்தேரியின் கரையிலிருந்து தண்ணீர் வெளியே வருகிறதாம். ஐப்பசி மழையோ விடுகிற வழியாக இல்லை. கரைக்குக் கீழே அவருடைய இரண்டு காணிச் சம்பா நிற்கிறது.

மனுவை வாசல் மரத்தடியில் டைப் அடித்து வாங்கியிருந்தார். இங்கிலீஷில்தான். கொடுக்கிறவருக்கு இங்கிலீஷ் தெரியாது. வாங்குகிறவர் வீட்டில் தமிழில்தான் ரசம் கேட்கிறார். வெள்ளைக்காரன் கப்பலேறி எத்தனை வருஷமாயிற்று? இருந்தாலும் தமிழில் எழுதினால் மனுவுக்கு மதிப்பில்லை என்பது நம் சம்பிரதாயம். இது பிடிவாதமா, முட்டாள்தனமா என்று கேட்காதீர்கள் — அதற்கும் வித்தியாசம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

"லீக்கேஜ்னு போட்டிருக்கே. இது சீப்பேஜ் இல்லையோ?" என்றார் ஹெட் கிளார்க்.

பக்கத்து நாற்காலிக்காரர் ஒப்பவில்லை. லீக்கேஜ் என்றால் உடனே ஆள் அனுப்பி அடைக்க வேண்டும். சீப்பேஜ் என்றால் சாவகாசமாகப் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதினால் போதும். இரண்டுக்கும் வேறு வேறு மேஜை. அரை மணி நேரம் வாக்குவாதம். அந்த ஏரிக்கரையை இருவரும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

"தண்ணி வந்துகினே கீது சாமி. இன்னா பேரு வச்சா ஆளு அனுப்புவீங்க?" என்றார் ஏகாம்பரம்.

"சித்த சும்மா இருப்பா. அதைத்தானே பேசிண்டிருக்கோம்" என்ற ஹெட் கிளார்க் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க பத்திரிகையில எழுதறவர். நீங்களே சொல்லுங்கோ."

கேட்டால் சும்மா இருப்பேனா? ஊறி ஊறி வந்தால் சீப்பேஜ், ஓட்டை வழியாக வந்தால் லீக்கேஜ் என்று பிரசங்கமே செய்தேன். மண்பானை ஊறுவதையும் பித்தளைக் குடம் ஒழுகுவதையும் உதாரணம் காட்டினேன். ஏரிக்கரை மண்தானே? ஆகவே சீப்பேஜ் என்று தீர்ப்பும் சொன்னேன். ஹெட் கிளார்க் எனக்குக் காப்பி வரவழைத்தார். மனுவில் ஒரு வார்த்தையை அடித்து, இன்னொன்றை எழுதி, ரிப்போர்ட் மேஜைக்கு அனுப்பினார்.

கரையில் ஓட்டை உண்டா என்று அந்த மனிதரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை, மேதாவி நானும் கேட்கவில்லை.

நகலுக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். போனேன். ஏகாம்பரம் அதே இடத்தில் நின்றிருந்தார். முழங்கால்வரை சேறு. முந்தின நாள் காலையில் கரை உடைந்துவிட்டதாம். இரண்டு காணிச் சம்பாவும் போயிற்று.

"நண்டு வளை சாமி. அன்னிக்கு என் கை நுழையற அளவுதான் இருந்திச்சி" என்றார்.

ஹெட் கிளார்க் அசரவில்லை. "அந்த மனு இனிமே செல்லாது. பிரீச்னு போட்டுப் புதுசா ஒண்ணு குடு" என்றார். பிரீச் என்றால் உடைப்பு. இந்த முறை எந்த நாற்காலியும் ஆட்சேபிக்கவில்லை.

ஏகாம்பரம் ஒரு வெள்ளைத்தாளை என்னிடம் நீட்டினார். "நீங்களே எழுதிக் குடுங்க சாமி. உங்களுக்குத்தான் எல்லாம் கரீட்டா தெரியுது."

எழுதிக் கொடுத்தேன். இங்கிலீஷில் ஒரு பிழை கிடையாது, பாருங்கள்.