பப்பாசியைப் பற்றி மிஸ் சொன்னது

எனக்கு இரண்டு பாஷை தெரியும் என்ற திமிர் பத்து வயதிலேயே வந்துவிட்டது. மாத்தளை டவுனில் கோயிலுக்குப் பின்பக்கச் சந்தில் எங்கள் வீடு. அடுத்த வீட்டில் ஒரு சிங்களக் குடும்பம். அவர்களுடைய மூன்று பிள்ளைகளோடும் விளையாடி, சண்டை போட்டு, மறுபடி சேர்ந்து, அப்படியே நான் சிங்களம் பேசப் பழகிவிட்டேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என்னைவிட நன்றாகவே வரும். கடை வைத்திருப்பவர்களுக்கு வராமல் முடியாது. ஆனால் காலையில் கடைக்குப் போனால் இருவரும் இருட்டித்தான் வருவார்கள். பகலில் வீட்டில் சிங்களம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைப் போன வருடம் வரை வெளியே சொல்லவில்லை.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எங்களோடுதான் இருந்தார். தம்புள்ளைச் சந்தையில் ஒரு பழ மொத்த வியாபாரியிடம் அவருக்கு வேலை. வாரம் முழுவதும் அங்கேயே தங்கிவிட்டு, சனிக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் வருவார். தோளில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். அதற்குள் பப்பாசி, அன்னாசி, காலத்துக்கு ஏற்றபடி மாம்பழமோ ரம்புட்டானோ இருக்கும். நான் ஒரே பிள்ளை என்பதால் பெட்டியைப் பிரிப்பதும் நான், முதலில் எடுப்பதும் நான். பழத்தில் நல்லது எது என்று அமுக்கிப் பார்த்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இருந்தது.

சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி சித்தி வந்தபோதுகூட இதில் மாற்றமில்லை. சித்தி ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். சிங்களத்தில் 'வாங்க, போங்க' என்பதற்கு மேல் வராது. மெதுவாகப் பேசுவார், எதற்கும் மறுபேச்சுப் பேசமாட்டார், என்னைப் பாப்பா என்று கூப்பிடுவார். முதல் தடவை உண்டானது மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் கழித்து மறுபடி உண்டானபோது, வீட்டில் எல்லாருடைய பேச்சும் நடையும் மாறிப்போயின. சித்தியோ தரையில் கால் வைப்பதற்கே யோசித்தார்.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல் பெட்டியைப் பிரிக்கப் போன என் கையைச் சித்தப்பா மெதுவாக விலக்கினார். இனிமேல் பழம் சித்திக்கு, மிச்சமிருந்தால் எனக்கு என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறக்காத ஒரு பிள்ளை என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டது என்று அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் சித்தி அந்தப் பழத்தைத் தொடவே பயந்தார். அம்மாதான் காரணம். பிள்ளைத்தாய்ச்சி பப்பாசி தின்றால் கலைந்துவிடும், அன்னாசி பக்கமே போகக்கூடாது, ரம்புட்டான் சூடு என்று அம்மாவிடம் ஒரு பெரிய பட்டியல் இருந்தது. பழுத்ததில் ஒன்றுமில்லை என்று தம்புள்ளையில் யாரோ சொன்னதாகச் சித்தப்பா சொன்னார். சித்திக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை. கடைசியில், பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்க வீடு வீடாக வருகிற மிட்வைப் மிஸ்ஸிடம் கேட்போம், அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் தனக்கு வேதவாக்கு என்று சொல்லிவிட்டார். போன தடவை யார் பேச்சைக் கேட்டு, எதைத் தின்று பிள்ளையைப் பறிகொடுத்தோமோ என்று அவருக்குள் ஓயாத அரிப்பு. இந்த முறை ஒரு சின்னத் தப்புக்கூட நடந்துவிடக்கூடாது.

மிஸ் வந்தது ஆகஸ்ட் லீவில். சித்திக்கு அப்போது ஐந்தாம் மாதம். வெள்ளை உடுப்பு, ஸ்கூட்டர், கையில் ஒரு பெரிய பை. வீட்டில் சித்தியும் நானும் மட்டும்தான். மிஸ்ஸுக்குத் தமிழில் நாலைந்து சொல்தான் தெரியும். சித்தியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார், கிளினிக் அட்டையை வாங்கிப் படித்தார். இரத்தம் குறைவு என்றார். பிறகு என்னைப் பார்த்து, சிங்களம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று நான் சொன்ன தோரணை இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கதிரையை இழுத்துப் போட்டு இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் பாதியை ஒழுங்காகச் சொன்னேன். எந்தப் பழமானாலும் ஓடுகிற தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவவேண்டும், தோல் சீவுகிற பழமானாலும் கழுவிவிட்டுத்தான் கத்தி வைக்கவேண்டும், பஸ் ஸ்டாண்டில் வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு விற்பதை வாங்கவேண்டாம், இரத்த மாத்திரை போடும்போது தேத்தண்ணீர் குடிக்கக்கூடாது. எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். மிஸ் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சித்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சித்தி பப்பாசியைப் பற்றிக் கேட்கச் சொன்னார். கேட்டேன். மிஸ் சிரித்தார். காய் வேண்டாம், அரைப்பழமும் வேண்டாம்; நன்றாகப் பழுத்த பப்பாசி தாராளமாகச் சாப்பிடலாம், வயிறு இலகுவாகப் போகும் என்றார். அன்னாசியும் அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, ரம்புட்டானும் அப்படித்தான், கொய்யாப்பழம் இரத்தத்துக்கு ரொம்ப நல்லது என்றார். ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க இன்றைக்கும் எனக்கு வழியில்லை.

நான் சித்தியைப் பார்த்துச் சொன்னேன்: "பப்பாசி தொடவே கூடாதாம் சித்தி. அன்னாசியும் கூடாதாம். ரம்புட்டான் சூடாம். கொய்யாப்பழம் மட்டும் எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாமாம்."

கொய்யாவின் விதை பல்லிடுக்கில் சிக்கும் என்பதால் எனக்கு அது ஆகாது. அதனால் அதை மட்டும் பெரிய மனதோடு சித்திக்கு விட்டுக்கொடுத்தேன். மிஸ் சித்தியிடம் தன் தமிழில், "வெளங்குதா?" என்று கேட்டார். சித்தி கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் தலையாட்டினார். மிஸ் போகும்போது என் கன்னத்தைத் தட்டி, நல்ல பிள்ளை என்று சிங்களத்தில் சொன்னார். நானும் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டினேன்.

இரவு அம்மா வந்ததும் சித்தி எல்லாவற்றையும் ஒப்பித்தார். அம்மாவுக்குப் பரம சந்தோஷம். தான் முதலிலிருந்தே சொன்னதைத்தான் மிஸ்ஸும் சொல்லியிருக்கிறார் என்று கடையில் வேலை செய்கிறவர்கள் வரை சொல்லிவிட்டார். சனிக்கிழமை வந்த சித்தப்பாவும் அதை ஏற்றுக்கொண்டார். என் பொய் பிடிபடாததற்கு என் சாமர்த்தியம் ஒன்றும் காரணமில்லை; அவர்கள் ஏற்கெனவே நம்பியிருந்ததைத்தான் நான் சொல்லியிருந்தேன். மாதா மாதம் கிளினிக்குக்கு அம்மா கூடப் போவார். அங்கே கூட்டத்தில் நிறை பார்த்து, பிரஷர் பார்த்து, அட்டையில் எழுதி அனுப்புவார்கள். பழத்தைப் பற்றி ஏற்கெனவே கேட்டாயிற்றே என்று மறுபடி யாரும் கேட்கவில்லை.

பெட்டி திரும்ப என்னிடம் வந்தது. சித்தப்பா கொய்யாவைத் தனியாக ஒரு பையில் கொண்டுவருவார். மற்றதெல்லாம் எனக்கு. வெட்டித் தருவதும் சித்திதான். பப்பாசியைத் தேய்த்துக் கழுவி, தோல் சீவி, விதையை வழித்துப் போட்டு, தேசிக்காய் பிழிந்து தட்டில் வைத்துத் தருவார். அந்த வாசனை படும்போது அவர் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன். சோறு இறங்காமல், வயிறு போகாமல் அவர் படுகிற பாட்டையும் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டேதான் தின்றேன்.

சித்திக்கு எட்டாம் மாதம் தொடங்கிய சமயம். ஒரு பின்னேரம் தட்டில் பாதிப் பழத்தை வைத்துவிட்டு விளையாடப் போனவள், எதையோ எடுக்கத் திரும்பி வந்தேன். குசினியில் சித்தி எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஒரு துண்டு பப்பாசியை அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தார். சாறு முழங்கை வரை வழிந்திருந்தது. திரும்பி என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைத் துடைத்தார். முப்பது வயது நெருங்குகிற பெண், பத்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் திருடியைப்போல நின்றார்.

"அம்மாகிட்ட சொல்லிறாத பாப்பா. ஒரு துண்டுதான்" என்றார்.

சொல்லமாட்டேன் என்று நான் பெருந்தன்மையோடு சொன்னேன். அவரை மன்னிக்கிற அதிகாரம் எனக்கு இருப்பதாகவே அப்போது நினைத்தேன். எதை நினைத்து வெட்கப்படுவது என்று வரிசை போட்டால், சொன்ன பொய்யைவிட இந்த மன்னிப்புத்தான் எனக்கு முதலில் வரும்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துச் சித்திக்குக் கால் முகமெல்லாம் வீங்கி, தலைவலி தாங்காமல் போய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். பிரஷர் ஏறிவிட்டது, பிள்ளையை இப்போதே எடுத்தாகவேண்டும் என்று டாக்டர்கள் எடுத்தார்கள். ஆண் பிள்ளை. அம்மாவின் ஒரு கைக்குள் அடங்குகிற அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், பிழைக்குமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

அம்மாவோடு பஸ்ஸில் கண்டிக்குப் போய்ச் சித்தியைப் பார்த்தேன். பிரஷர்தான் காரணம் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். சித்தி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நான் பப்பாசி தின்னுட்டேன். மிஸ் தொடவே கூடாதுன்னு சொன்னாங்க. அப்படியும் தின்னுட்டேன். பாப்பாவுக்குத் தெரியும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான், ஆமாம் என்று தலையாட்டினேன்.

அம்மா திட்டவில்லை. நாக்கை அடக்கமுடியாமல் போய்விட்டதே என்று மட்டும் சொல்லிப் பெருமூச்சு விட்டார். எனக்கோ, சித்தி தின்றதைப் பற்றித்தான் கேட்கிறார்கள், மிஸ் சொன்னதைப் பற்றிக் கேட்கவில்லை என்று மனதுக்குள் ஒரு நிம்மதி. அப்படி ஒரு நிம்மதி எனக்கு வந்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து வீட்டுக்கு வந்தார்கள். மிஸ் பார்க்க வந்த அன்று அம்மா கடைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். நான் அறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சிங்களத்தில், சித்தி பப்பாசி தின்றதை மட்டும் சொன்னார்; மிஸ் தடுத்ததைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. மிஸ், பழுத்த பப்பாசியால் இதெல்லாம் வராது, மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளவேண்டாம் என்று சொல்லச் சொன்னார். முடிந்தது கதை என்று நினைத்தேன். மிஸ் போன பிறகு அம்மா சித்தியிடம், "அன்னைக்குக் கூடாதுன்னாங்க. இன்னைக்கு ஒண்ணும் செய்யாதுங்கறாங்க. இவங்களுக்கே ஒரு நிலை இல்ல" என்றார். அன்றிலிருந்து எங்கள் சந்தில் அந்த மிஸ்ஸின் பேச்சுக்கு மதிப்புப் போனது. வெயிலில் ஸ்கூட்டரில் அலைந்து வீடு வீடாக நல்லது சொன்ன மனுஷியின் பெயரையும் நான்தான் கெடுத்தேன்.

சித்தியின் மகன், என் தம்பி, இப்போது என்னைவிட ஒரு முழம் உயரம். தம்புள்ளையில் போன் கடை வைத்திருக்கிறான், வாய் ஓயாத ஆள். சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி. மாதம் நிறையுமுன் பிறந்த பிள்ளைகளுக்குக் கண் அப்படி ஆவதுண்டு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் யாராவது கண்ணாடியைப் பற்றிப் பேச்செடுத்தால் சித்தி சொல்வது ஒன்றுதான்: என் நாக்கால் வந்தது. கல்யாண வீட்டிலும் சொல்வார், கோயிலிலும் சொல்வார். நான் பக்கத்தில் இருந்தால் எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன்.

போன வருடம் நான் மாசமாக இருந்தபோது சித்தி வந்து என்னோடு தங்கினார். மேசையில் பப்பாசியைப் பார்த்ததும் எடுத்து ஒளித்து வைத்தார். பழுத்தது நல்லது என்று கிளினிக்கில் சொன்னார்கள் சித்தி என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"உனக்கு அப்ப பத்து வயசு. மிஸ் சொன்னத ஒண்ணு விடாம எவ்வளவு அழகா சொன்ன. நீ சரியாத்தான் சொன்ன பாப்பா. கேக்காதவ நான்தான்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ் சொன்னது இது, நான் சொன்னது இது, பெட்டிக்காகச் சொன்னேன், ஆஸ்பத்திரியில் தெரிந்தே தலையாட்டினேன். அழுது அழுது சொன்னேன். சித்தி கடைசிவரை கேட்டார். பிறகு என் கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரித்தார்.

"என்னைத் தேத்துறதுக்கு உன் மேல பழியப் போட்டுக்கிறியா? வயித்துப் பிள்ளையோட இப்படியெல்லாம் அழக்கூடாது."

சத்தியம் பண்ணினேன். அவர் நம்பவில்லை. பத்து வயதுப் பிள்ளை அப்படி யோசிக்குமா என்று கேட்டுவிட்டு, எனக்குச் சோறு போட எழுந்து போனார்.

உண்மையை இன்றைக்குச் சொல்லாவிட்டால் இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம், அது அங்கேயே இருக்கும் என்றுதான் அந்த வயதில் நான் நினைத்திருந்தேன். சொல்லும் நாளில் அதை வாங்கிக்கொள்ளச் சித்தியிடம் இடம் இல்லாமல் போய்விடும் என்று எனக்குத் தெரியவில்லை.