மெஷினுக்கு வச்ச பொட்டு

எங்க வீட்டுக்காரர் வேலாயுதத்துக்கு மெஷின்னா உயிரு. சிங்கப்பூர் ஜாலான் புசார் லேத் பட்டறையில வளர்ந்த மனுஷன், எழுபத்தெட்டாம் வருஷம் விமான இன்ஜின் பிளேடு பழுது பார்க்கிற கம்பெனில சேர்ந்தார். மார்சிலிங் பிளாட்ல எனக்குத் தினமும் அந்தக் கம்பெனி கதைதான்.

எண்பத்திரண்டுல மலேசியாப் பக்கம் ஜொகூர் கம்பெனி ஒண்ணோட கூட்டுச் சேர்ந்து இங்கயே பயிற்சிப் பள்ளி திறக்க முடிவு பண்ணாங்க. நீதான் அங்க சொல்லிக்கொடுக்கப் போறேன்னு மேனேஜர் இவர்கிட்ட வாய்விட்டே சொல்லிட்டார். மனுஷன் கால் தரையில படல. எனக்கும்தான், பொய் சொல்ல மாட்டேன். பள்ளி திறக்கிறதுக்கு முன்னாடியே ஜொகூர்லேர்ந்து மூணு பேர் வேலை பழக வந்தாங்க, ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைங்க.

ஆயுத பூஜை வந்துச்சு. பழைய லேத் பட்டறையில எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறது வழக்கம். இவர் கம்பெனியிலயும் பிளேடு அடுக்குற சட்டத்துல கமுக்கமா ஒரு பொட்டு வச்சிருக்கார். மறுநாள் துடைச்சும் இருக்கார். இடுக்குல போனது போனதுதான். கழுவுற தண்ணியில கரைஞ்சு பிளேடு மேல படிஞ்சிடுச்சு. அதுமேல போட்ட பூச்சு பிடிக்காம செதில் செதிலா உரிஞ்சுது. அத்தனை பிளேடையும் கழிச்சுட்டாங்க.

சந்தனம்னு தெரிஞ்சதும், நெத்தியில பொட்டோட வந்த அந்த மூணு பேர் மேல பழி விழுந்துச்சு. இவங்களைக் காஸ்வே பாலம் தாண்டி ஜொகூருக்கே அனுப்புங்க, கூட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு மேனேஜர் கத்தியிருக்கார். இவர் வாயை மூடிக்கிட்டிருந்தா யாருக்குத் தெரியும்?

"நான்தான் வச்சேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது லா"ன்னுட்டார்.

வீட்டுல வந்து சொன்னப்ப எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "ஊருக்கு நல்லவரா இருந்து என்னத்தைக் கண்டீங்க?"ன்னு கேட்டேன். பிள்ளைங்க தப்பிச்சாங்க, கூட்டும் நிலைச்சுது. இவரை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. வேற எந்த விமானக் கம்பெனிக்குப் போனாலும் பழைய இடத்துல விசாரிச்சுட்டுக் கதவைச் சாத்தினாங்க. கடைசியில கிராஞ்சியில லாரி ஓட்டப் போனார்.

அப்புறம் பள்ளியும் திறந்துச்சு. ஜொகூர்லேர்ந்து படிக்க வர்றவங்களைக் காஸ்வேக்கு இந்தப் பக்கம் உட்லண்ட்ஸ்ல லாரியில ஏத்திக்கிட்டுப் பள்ளியில கொண்டு விடுற கான்ட்ராக்ட் இவர் முதலாளிக்கே கிடைச்சுது. இவர் கேட் வரைக்கும் போவார், உள்ள விட மாட்டாங்க. இறங்குறப்ப பிள்ளைங்க "தேங்க்யூ, டிரைவர்"னு சொல்லிட்டுப் போவாங்களாம். நல்ல பிள்ளைங்கதான், குத்தம் சொல்லல. ஆனா இவரைச் சார்னு கூப்பிட வேண்டியவங்க.

அதை அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார். நான் அடுப்படிக்குள்ள போய் அழுதேன்.