முதலில் எதை விடுவது

முத்தியால்பேட்டையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. ஏழு பேர் சேர்ந்து வீடியோ அழைப்புக்கான செயலி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். அதை ஒரே நிரலாக எழுதவில்லை. நெட்வொர்க்கின் வேகத்தைக் கவனிக்க ஒரு துண்டு, குரலை அனுப்ப ஒன்று, படத்தை அனுப்ப இன்னொன்று என்று தனித்தனியாக எழுதி, ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்ளும்படி இணைத்திருந்தோம். வேகம் குறைந்தால் எதை விடுவது என்று முடிவு செய்யும் துண்டு என்னுடையது. முதலில் படத்தை நிறுத்த வேண்டும், குரலைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தேன். சோதனைகளில் அது பிசகாமல் வேலை செய்தது. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஒருநாள் செயலி வழியாக ஒரு புகார் வந்தது. தினமும் நாலரை மணிக்குப் படம் நின்றுவிடுகிறது என்று ஒரு பெண் எழுதியிருந்தார். பதில் போடுவது அந்த வாரம் என் முறை. நெட்வொர்க் சரியில்லாதபோது படம் நின்றாலும் குரல் தொடரும், நீங்கள் பேசிக்கொண்டே இருக்கலாம் என்று மரியாதையாக எழுதி அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. “எனக்குக் காது கேக்காது. பேசவும் வராது. படம் நின்னா எனக்கு எதிர்ல யாரும் இல்ல.”

கீழே தன் தையல் கடை இருக்கும் தெருவைக் குறிப்பிட்டிருந்தார். எங்களிடமிருந்து இரண்டே தெரு. நான் அனுப்பிய பதிலை மறுபடி படித்தேன்.

படத்துக்கான துண்டை எழுதிய தோழியையும் அழைத்துக்கொண்டு மறுநாள் போனேன். புகார் எழுதிய பெண்ணுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். கேள்விகளை எழுதிக் காட்டினோம். அவர் போனில் தட்டிப் பதில் தந்தார். அவருடைய அக்கா பாரிசில் இருக்கிறார். அக்காவுக்குக் காது கேட்கும் என்றாலும் சிறுவயதிலிருந்தே இருவரும் கையசைத்துத்தான் பேசிக்கொள்வார்கள். அங்கே மதிய உணவு இடைவேளை வரும் நேரத்தில்தான் இங்கே நெட்வொர்க் மந்தமாகிறது. படம் நின்றதும் அக்காவுக்குத் தையல் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்குமாம்.

திரும்பி வரும்போது, என் துண்டில் ஒரு வரியை மாற்றினால் போதும் என்றேன். தோழி ஒப்புக்கொள்ளவில்லை.

“நீ படத்த நிறுத்தாம விட்டாலும், என்னோடது விட்டு விட்டுதான் அனுப்பும். கை எங்கேர்ந்து எங்க போச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஒருவருக்காக இவ்வளவு வேலையா என்று எங்கள் தலைவர் கேட்டார். எழுதியவர் ஒருவர், எழுதாமல் செயலியை நீக்கிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ என்றாள் தோழி. அவர் இரண்டு வாரம் கொடுத்தார்.

கையால் பேசுபவர் அதைச் செயலியில் முன்கூட்டியே சொல்ல வழி வைத்தோம். அப்படிச் சொல்லியிருந்தால் என் துண்டு குரலை முதலில் நிறுத்தும். தோழியின் துண்டு படத்தின் தெளிவையும் நிறத்தையும் குறைக்கும், அசைவைக் குறைக்காது. சிக்னல் குறைவாகக் கிடைக்கும் பிள்ளைச்சாவடி பக்கம் ஸ்கூட்டரில் போய், தெருவின் எதிரெதிர் முனையில் நின்று, செயலியில் ஒருவரை ஒருவர் அழைத்து, விரல்களைக் காட்டி எண்ணிப் பார்த்தோம்.

நாலரை மணிக்குக் கடையில் சோதித்தோம். அக்காவின் படம் வெளிறி மங்கலாக வந்தது, ஆனால் நிற்கவில்லை. பத்து நிமிடம் பேசிவிட்டுத் தங்கை எங்களுக்காகப் போனில் தட்டினார்: “கை நல்லாத் தெரியுது. மூஞ்சிதான் தெரியல. அவ திட்றாளா, கிண்டல் பண்றாளான்னு புரியல.”

முகத்தை நாங்கள் யோசித்தே பார்க்கவில்லை. மறுபடி உட்கார்ந்தோம். பின்னால் இருக்கும் சுவரையும் ஜன்னலையும் மங்கவிட்டு, முகத்தையும் கைகளையும் மட்டும் தெளிவாக அனுப்பும்படி மாற்ற இன்னொரு வாரம் ஆனது. பலத்த மழை பெய்தால் இப்போதும் படம் சிதறத்தான் செய்கிறது. அதை அவரிடம் மறைக்கவில்லை.

கடைசியாக நாங்கள் போயிருந்த அன்று அக்காவும் தங்கையும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கையின் கைகள் படபடவென்று அசைந்தன. அந்தப் பக்கம் அக்கா புருவத்தைச் சுருக்குவது வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது. எதற்குச் சண்டை என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் எங்களைக் கவனிக்கவும் இல்லை. டீ குடிக்கப் போய்விட்டோம்.