கல்யாண வாசலில் ஒரு கூடு

போன வைகாசி மாதம், ஏரல் பக்கத்தில் இருக்கும் எங்கள் வாழைத்தோட்டத்தில் நடந்தது இது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கோடை விடுமுறைக்கு எல்லோரும் குற்றாலம், கொடைக்கானல் என்று கிளம்பினால், நான் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு குளத்தங்கரையிலும் தோட்டத்திலும் அலைவேன். என்னைப்போலக் கிறுக்குப் பிடித்தவர்கள் எங்கள் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் உண்டு. மரத்திலிருந்து கொக்குக் குஞ்சு விழுந்தாலும், கிணற்றுக்குள் ஆந்தை மாட்டிக்கொண்டாலும் எங்களுக்குத்தான் போன் வரும்.

அந்த விடுமுறையில் ஒருநாள், வரப்பு ஓரத்து வாழை ஒன்றின் தாருக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டியிருப்பதைக் கண்டுபிடித்தேன். தலையில் கறுப்புக் கொண்டையும் வாலடியில் சிவப்புமாக வீட்டுப் பக்கமெல்லாம் வருமே, அதேதான். இரண்டு சீப்புகளுக்கு நடுவில் நாராலும் வேராலும் பின்னிய சின்னக் கிண்ணம். உள்ளே இரண்டு குஞ்சுகள், இறகு அப்போதுதான் முளைவிட்டிருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆனால் தோட்டத்துக்குள் ஒரு செம்போத்து வேறு சுற்றிக்கொண்டிருந்தது. குஞ்சு கண்ணில் பட்டால் விட்டுவைக்காது. அதனால் தாரைச் சுற்றி வாழைச் சருகைக் கட்டி, தாய்ப்பறவை நுழைய மட்டும் ஒரு சந்து விட்டேன். வெயிலுக்காகத் தாருக்குச் சருகு கட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. தாயும் தகப்பனும் அந்தச் சந்து வழியே போய்வந்துகொண்டிருந்தன. என் சாமர்த்தியத்தை நானே மெச்சி, குழுவில் படம் போட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டொரு நாள் கழித்து மத்தியானம் போய்ப் பார்த்தால், வாழையையே காணோம்!

வெட்டிய கட்டையிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. பக்கத்து இலைமேல் தாயும் தகப்பனும் உட்கார்ந்து கத்திய கத்தலை இன்னும் மறக்க முடியவில்லை. ஒன்றின் வாயில் புழு அப்படியே இருந்தது. யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் இலைக்கு இலை தாவிக்கொண்டிருந்தது.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது என் கொழுந்தன். போனில் பிடித்தேன்.

"காலையில பந்தல்காரர் வந்தாரு மதினி. கல்யாண வீட்டு வாசல்ல கட்ட ஒரு சோடி வாழை வேணும்னாரு. நீங்க சருகு சுத்தி வச்சிருந்தியள்லா, தாரு கறுக்காம தெளிவா இருக்கும்னு அதையே பைய சாய்ச்சு எறக்கிக் குடுத்துட்டேன்."

செம்போத்திடமிருந்து மறைத்தேன், கொழுந்தனிடமிருந்தும் மறைத்துவிட்டேன்! குழுவில் இருக்கிற எல்லோருக்கும் சொன்னவள், தோட்டத்தில் வேலை பார்க்கிறவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனைத் திட்ட வாயெடுத்து, என்னையே திட்டிக்கொண்டேன்.

பந்தல்காரருக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக எடுத்தார். பின்னால் மைக்செட் அலறியது.

"குருவியா? இங்கன குருவியும் இல்ல, ஒண்ணும் இல்ல டீச்சர். தாரு சருகோட அப்படியே நிக்கி. வெயில்ல கறுத்துரும்லா, மாப்பிள்ளை வார நேரத்துல உரிச்சுக்கிடுவோம்."

"உரிக்காதீங்க அண்ணாச்சி! உள்ள கூடு இருக்கு!" என்று கத்தினேன். லைன் போய்விட்டது. திரும்ப அடித்தால் எடுக்கவே இல்லை. அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

கல்யாண வீடு ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஒரு ஊரில். மறுநாள் காலை முகூர்த்தம், அன்றைக்கு மாப்பிள்ளை அழைப்பு. கொழுந்தன் பைக்கை எடுத்தான், நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். குழுவில் மெடிக்கல் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போகிற வழியிலேயே போனில் யோசனை கேட்டேன். குஞ்சு உயிரோடு இருந்தால் வாயில் தண்ணீர் மட்டும் விட்டுவிடாதே, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கூட்டைக் கலைக்காமல் அப்படியே கொண்டுவந்து பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே கட்டு. மனுஷர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் சும்மா. ஆனால் இருட்டுவதற்குள் முடித்துவிடு, ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தால் தாங்காது என்றார்.

பைக் ஓடியது. என் வாயும் ஓடியது. கல்யாண வாசலில் கட்டிய வாழையில் யார் கை வைக்க விடுவார்கள்? கட்டாயம் சண்டை வரும் என்று முடிவே செய்துவிட்டேன். காட்டுப்பறவைக்குச் சட்டம் இருக்கிறது, வனத்துறைக்குப் போன் போடுவேன், என்னைச் சும்மா நினைக்காதீர்கள் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். "மதினி, மொதல்ல எறங்கி வணக்கம் சொல்லுங்க" என்றான் கொழுந்தன்.

தெருவுக்குள் திரும்பினோம். மறுமுனையில் மாப்பிள்ளை கார் பூவோடு வந்துகொண்டிருந்தது. மேளம் முழங்குகிறது. எங்கள் வாழைக்கு நேர் கீழே சரவெடியை நீளமாக விரித்து, ஒருவர் ஊதுபத்தியோடு குனிந்துகொண்டிருக்கிறார். எதிர்ப்பக்க வாழைக்குச் சருகு உரித்தாகிவிட்டது. ஏணியை எங்கள் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

வண்டி நிற்பதற்குள் குதித்து, "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

கல்யாண வாசலில் முன்பின் தெரியாத ஒரு பொம்பிளை தலைவிரி கோலமாக வந்து நிறுத்துங்க என்று கத்தினால் என்ன நினைப்பார்கள்? மேளம் நின்றது. நாதஸ்வரம் பாதியில் நின்றது. காருக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் தலை எட்டிப் பார்த்தது. பெண்ணைப் பெற்ற அம்மா பட்டுச்சேலையோடு வாசலுக்கு ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரும்மா நீ? ஒனக்கு என்ன வேணும்?"

சட்டம், வனத்துறை எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. கை கூப்பிவிட்டேன். "அம்மா, கல்யாணத்தை நிறுத்த வரல. ஒங்க வாசல் வாழைத்தாருக்குள்ள ரெண்டு குருவிக்குஞ்சு இருக்கும்மா. வெடிய மட்டும் நிறுத்துங்க."

அந்த அம்மா விட்ட பெருமூச்சு தெருக்கோடி வரை கேட்டிருக்கும். கொழுந்தன் அதற்குள் ஏணியில் ஏறிவிட்டான். சருகைப் பைய விலக்கினான். சத்தமே இல்லை. வெயில், வண்டிக் குலுக்கல், இத்தனை நேரப் பசி, முடிந்துபோயிருக்கும் என்றே நினைத்தேன்.

கீச் என்று ஒரு சத்தம். இரண்டு சிவந்த வாய்கள் சருகுக்கு மேலே அண்ணாந்து திறந்தன!

நான் அழுதேனா சிரித்தேனா தெரியாது. "ஏலே, உசிரோட இருக்குலே!" என்று கூட்டத்தில் யாரோ கத்த, ஆளாளுக்கு ஏணியைச் சுற்றி வந்துவிட்டார்கள். நான் கட்டிய சருகால்தான் மாட்டிக்கொண்டன, மரத்தைச் சாய்த்தபோது அதே சருகுதான் வெளியே விழாமல் தாங்கியும் இருக்கிறது.

ஆனால் கூடு காய்களோடு சேர்த்துப் பின்னியிருந்தது. பிய்த்தால் உதிர்ந்துவிடும். ஒரு சீப்பையே அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பெண்ணுக்குத் தாய்மாமன் போலிருந்தவர் முன்னால் வந்தார். "நல்ல காரியம் நடக்க வாசல்ல, தாருல கத்தி வைக்கப்பிடாது. மூளித் தாரோடயா மாப்பிள்ளைய உள்ள கூப்பிடுதது?" என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அவர் சொன்னதும் நியாயம்தான். என் வீட்டுக் கல்யாணமாக இருந்தால் நானே யோசித்திருப்பேன்.

எல்லோரும் அந்த அம்மாவைப் பார்த்தோம். அவர் அண்ணாந்து தாரைப் பார்த்தார். நின்றுகொண்டிருக்கும் சம்பந்தி வீட்டுக் காரைப் பார்த்தார்.

"அறுங்க. ஒரு சீப்பு குறைஞ்சா எம்மவ வாழ்க்கை ஒண்ணும் குறைஞ்சிராது. ஏய்யா, அந்தச் சரவெடிய அந்தால தள்ளிப் போடுங்க. மொதல்ல குஞ்சு எறங்கட்டும், மாப்பிள்ளை பெறகு எறங்கட்டும்."

மாப்பிள்ளை அதற்குள் தானே இறங்கி வந்து, மாலையும் கழுத்துமாகச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்குக் கிடைக்க வேண்டிய வரவேற்பு முழுவதும் குஞ்சுகளுக்குப் போய்விட்டது. பந்தல்காரரே கத்தியை வாங்கி, கூடு அசையாமல் சீப்பை அறுத்துக் கொடுத்தார். அந்த அம்மா உள்ளே ஓடி, சீருக்கு வைத்திருந்த ஓலைப்பெட்டி ஒன்றைக் காலிசெய்து கொண்டுவந்து கொடுத்தார்.

திரும்பும்போது பெட்டி என் மடியில். தோட்டத்துக்கு வந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. பக்கத்து வாழைத்தாரில் சீப்பை வாழைநாரால் இறுக்கிக் கட்டிவிட்டு, வரப்புக்குப் பின்னால் பதுங்கினோம்.

தாயையும் காணோம், தகப்பனையும் காணோம். கத்திக் கத்தி அலுத்து வேறெங்கோ போய்விட்டனவோ? வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. இவ்வளவு பேரைத் தடுத்து நிறுத்தி, ஒரு நல்ல தாரையும் மூளியாக்கி, கடைசியில் ஒன்றும் இல்லையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அப்போது ஒரு குஞ்சு கத்தியது. எங்கிருந்தோ பதில் வந்தது. கறுப்புக் கொண்டை ஒன்று இலை நுனியில் வந்து உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பறந்துவிட்டது. அடுத்த நிமிஷம் வாயில் ஒரு வெட்டுக்கிளியோடு நேராகக் கூட்டுக்கே வந்தது!

"ஏ மதினி! ஊட்டுது, ஊட்டுது!" என்று குதித்த கொழுந்தன் கால் வழுக்கி வாய்க்காலுக்குள் விழுந்தான். இத்தனை வருஷமாக என் பைனாகுலரைக் கேலி செய்தவன்.

மறுநாள் காலையில் தெரியாத நம்பரிலிருந்து போன். பின்னால் கெட்டிமேளச் சத்தம் இன்னும் ஓயவில்லை. பெண்ணின் அம்மாதான், பந்தல்காரரிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். "தங்கச்சி, தாலி கட்டியாச்சு. பந்திக்கு எல போடுதாவ, நான் போணும். அந்தப் பிள்ளைய ரெண்டும் சாப்பிட்டுச்சா?"

"வயிறு நிறையச் சாப்பிட்டுச்சும்மா. நீங்க பந்திக்குப் போங்க" என்றேன்.

குஞ்சுகள் இரண்டும் இறகு முளைத்துப் பறந்தே போய்விட்டன. இன்றைக்கும் ஒரு பறவைக்காக முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்கும்போது, சண்டைக்கான வார்த்தைகளைத் தேடாமல் முதலில் கேட்டுப் பார்ப்போம் என்றுதான் தோன்றுகிறது. மகளுக்குத் தாலி ஏறிய கையோடு அவர் கேட்ட அந்தக் கேள்வி எனக்குக் கொடுத்துவிட்டுப் போன தைரியம் அது.