பிளக் என் கையில் இருந்தது

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், அதோடு சரி. நீங்களும் நம்பப் போவதில்லை, பரவாயில்லை, கேளுங்கள்.

எண்பதுகளில் சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை. தூக்கிப் போகிற கம்ப்யூட்டர் என்று ஒன்று வந்திருந்தது, தையல் மெஷின் பெட்டி அளவு, மடியில் வைத்தால் தொடை போய்விடும். ஜூரோங் கப்பல் பட்டறை ஆபீசில் இருந்த ஒன்று, போட்ட அரை மணியில் கொதித்து நின்றுவிடும். இரண்டு முறை ஃபேன் மாற்றிவிட்டேன். மூன்றாவது முறையும் கோட்டைவிட்டால் ஸ்டோரில் பெட்டி தூக்கப் போ என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அங்கே தலைமைக் கிளார்க் சிவலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர்.

"தம்பி, மூண்டாம் தரம் வந்திருக்கிறீர். இண்டைக்கும் சரிவராட்டி உம்மட பாஸுக்குப் போன் அடிப்பன்."

"முடிச்சிட்டுத்தான் சார் எழுந்திருப்பேன், பாருங்க லா."

அவர் சாப்பிடப் போனார். ஏர்கான் ஓடவில்லை, ஜன்னல் சாத்தியிருந்தது, பட்டப்பகல். பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு மூடியைக் கழற்றினேன். இன்றைக்கு இதுவா நானா பார்த்துவிடுவது என்று உட்கார்ந்திருந்தேன். அப்போது ஃபேன் சுற்றியது. நம்பினால் நம்புங்கள், பிளக் என் கையில் இருக்கிறது!

ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அந்தோணி அண்ணன் ஞாபகம் வந்தது. டிஷ்யூவைக் கிழித்து எச்சில் தொட்டு ஃபேன் துவாரத்தில் ஒட்டி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எதிலும் கை வைப்பார். நான் கேலி பண்ணியிருக்கிறேன். அதையே செய்தேன். காகிதம் வெளியே என் முகத்தைப் பார்த்துப் பறந்தது. பிறகு ஃபேன் நின்றுவிட்டது.

பிளக்கைச் சொருகி ஓட்டினால், அதே காகிதம் துவாரத்தோடு ஒட்டிக்கொண்டது. அடப்பாவி! சூட்டை வெளியே தள்ளவேண்டிய ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. பழையதை யாரோ திருப்பி மாட்டியிருக்கிறார்கள், நான் அதைப் பார்த்தே இரண்டு முறையும் அப்படியே மாட்டியிருக்கிறேன். ஈயடிச்சான் காப்பி! திருப்பிப் போட்டேன். ஐந்து மணி வரை நிற்காமல் ஓடியது.

"கெட்டிக்காரன்தான்," என்றார் சிவலிங்கம். முதல் முறையாகச் சிரித்தார்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். வேலை முடித்தவர் மூடியின் உள்பக்கம் பென்சிலில் தன் அடையாளம் போடவேண்டும். போடலாம் என்று மூடியைத் திருப்பினேன். முன்பு நான் போட்ட இரண்டு அடையாளங்களுக்குக் கீழே, சின்னச் சிலுவை, அதன் அடியில் ஒரு கோடு. அந்தோணி அண்ணன் போடுவது.

அந்தக் கம்ப்யூட்டர் சிங்கப்பூருக்கு வந்து இறங்குவதற்கு முன்பே அண்ணன் மோட்டார் பைக் விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். சவப்பெட்டி தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. அவரைக் கேலி பண்ணியவன் அல்லவா நான். சிலுவையைக் கட்டைவிரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தேன். பென்சில் கரி புதிதாக விரலில் ஒட்டியது.